பக்கத்து ஃப்ளாட் சண்டை

காலிங் பெல் சத்தம் கேட்டுப் பிலோமினா கதவைத் திறந்தாள். பக்கத்து ஃப்ளாட் வைஷாலி நின்றிருந்தாள். மராட்டிய ஊரான நிக்டியில் இந்தக் குடியிருப்புக்கு வைஷாலி குடிவந்து ஒரு வருஷமாகியும், ஒருநாள்கூட பிலோமினாவின் வாசலுக்கு வந்ததில்லை.

"ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் கேட்டாள். "இன்னைக்குச் சண்டைச் சத்தமே கேக்கலையே!"

பிலோமினாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "சுவரைத் தாண்டிக் கேக்குதா?"

"தினம் காலையில கேக்கும். தமிழ் புரியாது, ஆனா அழுகை புரியுமே! பாவம் அங்கிள், ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டார்."

"அவர் தவறி மூணு வருஷமாச்சும்மா."

வைஷாலி திகைத்தாள். "அப்போ யார்கூடச் சண்டை?"

பிலோமினா ஹாலில் மாட்டியிருந்த இயேசு படத்தைக் காட்டினாள். "அவரை ஏன் கூப்பிட்டுக்கிட்டீர், என்னை ஏன் தனியா விட்டீர்னு கேட்டுக் கத்துவேன். இன்னைக்குத்தான், 'சரி ஆண்டவரே, உம்ம சித்தம்'னு சொல்லிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்."

வைஷாலி படத்தையே பார்த்தாள். "இவராவது பதில் சொன்னாரா ஆன்ட்டி?"

பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"மூணு வருஷமாக் கத்தினப்போ இந்த பெல்லை யாருமே அடிக்கலை. உள்ளே வாம்மா."