கறுப்புப் பட்டி

நெடுந்தீவு இறங்குதுறையில் அனர்த்த ஒத்திகை நடக்கிறது. படகு கவிழ்ந்து செத்தவனாகக் கிடக்கிறான் தனேஸ். நெற்றியில் பூசிய சிவப்புச் சாயம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறது. பயிற்சிக்கு வந்த தாதி கம்சாயினி அவன் மூச்சைப் பார்ப்பதுபோல் குனிகிறாள், மணிக்கட்டில் கறுப்புப் பட்டியைக் கட்டுகிறாள், அடுத்தவனிடம் நகர்கிறாள். கறுப்பென்றால் செத்தாச்சு; ஆஸ்பத்திரிப் படகில் இடம் சிவப்புக்குத்தான். வேடிக்கை பார்த்து நின்ற தனேஸின் தாய் அன்னமுத்து தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பாய்கிறாள். "இவன்ர தகப்பனையும் இப்பிடித்தான் படகில இடமில்லையெண்டு விட்டிட்டுப் போனவை!" அவள் கையிலிருந்த குடை தாதியின் வாயில் இறங்குகிறது. வெள்ளைச் சட்டையில் தெறிப்பது சாயமில்லை. "அக்கா, இது ஒத்திகையக்கா!" என்று பயிற்சியாளர் ஒலிபெருக்கியில் கத்துகிறார். அசையக்கூடாதென்று சொல்லியிருப்பதால் தனேஸ் அசையாமல் கிடக்கிறான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறி ஏறுகிறது. இரண்டு பேர் இழுத்தும் ஏலாமல் போகிறது. கறுப்புப் பட்டியைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். விழுந்து கிடக்கும் தாதியின் பையிலிருந்து சிவப்புப் பட்டியை உருவி மகனின் கையில் சுற்றி இறுக்குகிறாள். விரல்கள் வெளிறுகின்றன. செத்தவன் கண்ணைத் திறக்கிறான். "அம்மா, நோகுது." அவள் இன்னொரு முடிச்சுப் போடுகிறாள்.