ஃபாக் லைட்

பள்ளிப் பேருந்து ஊர் முனையில் நின்றதும் பல்ஜிந்தர் ஓட்டுநரின் ஜன்னலைத் தட்டினாள். தாய்மார்கள் வழக்கம்போல் பிள்ளைகளோடு அவளைவிட்டு எட்டவே நின்றார்கள்.

"தம்பி, இந்த மூடுபனியில ஹை பீம் போட்டா எதிர்ல வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஃபாக் லைட்டைப் போடு. அடுத்த கரண்ட் கம்பம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் அணைச்சுடு, எதிர்ல வர்றவனுக்குக் கூசும்."

புது ஓட்டுநர் குர்தேஜ் சிரித்தான். "நேத்தே பாடம் எடுத்துட்டீங்களே, பெஹன்ஜி."

"முன்னால போற டிராக்டரோட சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்கிட்டே போகாதே. இங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். அது கால்வாய்க் கரைக்குத் திரும்பினா, நீயும் திரும்பிடுவே."

அவன் சிரிப்பு நின்றது. போன ஜனவரியில் கால்வாயில் விழுந்த பேருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான். ஏழு பிள்ளைகள்.

"மன்னிச்சுக்குங்க பெஹன்ஜி, தெரியாம சிரிச்சுட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "உங்க குழந்தை எத்தனாவது படிச்சுது?"

இவ்வளவு மரியாதையாக அவளிடம் யாரும் பேசி ஒரு வருஷமாகிறது. ஒரு சின்னப் பொய் சொன்னால், இந்த மரியாதையைத் தினமும் வைத்துக்கொள்ளலாம்.

"எனக்குக் குழந்தை இல்லை," என்றாள். "அந்த பஸ்ஸை ஓட்டினவர் என் வீட்டுக்காரர்."

பின்னால் பிள்ளைகள் ஏறி முடித்திருந்தார்கள். குர்தேஜ் அவளைப் பார்க்காமல் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான்.

"திருப்பத்துல ஹாரன் அடி," என்று அவள் கண்ணாடியிடம் சொன்னாள்.