கடிக்கிற பையன்

"நல்லாப் பாருங்க டீச்சர்! பல்லு எப்படிப் பதிஞ்சிருக்குன்னு பாருங்க!"

உமாதேவி மகளின் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, செக்கச்செவேலென்று ஒரு கடித் தடம். கடி வாங்கிய மூன்று வயதுக் குழலியோ அழவே இல்லை. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கம்மலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மேல் சின்னக் கீறல் விழுந்தாலும் உடனே பெற்றவளுக்குப் போன் அடித்துவிட வேண்டும். மேலகரத்தில் இருக்கும் அந்த பிளே ஸ்கூலின் சட்டம் அது. உமாதேவிக்குத் தென்காசியில் வங்கி வேலை. போன் வந்தால் போதும், கவுண்டரில் நிற்கும் கூட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் பறந்து வருவாள். இந்த வாரம் இதே பிழைப்பாகிவிட்டது. இன்றைக்கு மேனேஜர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் அனுப்பினார்.

"வேற யாரு? அந்தப் பாண்டிப் பயலாத்தான் இருக்கும்" என்றாள்.

பாண்டி, சேர்ந்த புதிதில் ஒரு பையனைக் கடித்தவன். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.

"யாரு கடிச்சான்னு நாங்க பாக்கலக்கா" என்று ஜெனி டீச்சர் இழுத்தாள். "அவன் அந்தப் பக்கம் மணல்லல்லா விளையாடிட்டு இருந்தான்..."

"பாக்காம வேற என்ன வேலை ஒங்களுக்கு? ஒண்ணு அவன் இருக்கணும், இல்லன்னா எம் பிள்ளை இருக்கணும். இப்பமே முடிவு பண்ணுங்க!"

அதற்குள் தகவல் கேட்டு, பாண்டியின் அம்மா முத்துசெல்வி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். குற்றாலத்தில் அருவிக்கரையில் பழக்கடை வைத்திருப்பவள். வந்ததும் வராததுமாக மகனைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே, கடிச்சியா? உண்மையச் சொல்லுலே!"

"நான் கடிக்கலம்மா!"

"ஆமா, எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தான் கடிப்பாங்க" என்றாள் உமாதேவி. "எம் பிள்ளை கைய ஒங்க மகன் முறுக்குன்னு நினைச்சானா?"

முத்துசெல்வி அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "அக்கா, சீசன் நேரம்க்கா. இவன இங்கன விட்டாத்தான் நான் கடையில நிக்க முடியும். அருவிக்கரையில வச்சிக்கிட்டா, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள தண்ணியில இறங்கிருவான். பயமா இருக்குக்கா."

உமாதேவியின் கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, வங்கியிலிருந்துதான். அவளுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

ஜெனி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "கொஞ்ச நாளைக்கு அவன வீட்டில வச்சிக்கிடுங்க, முத்துசெல்வி."

"வீட்டில யாரு டீச்சர் இருக்கா?"

முத்துசெல்வி பையையும் தண்ணீர் பாட்டிலையும் தோளில் மாட்டிக்கொண்டு மகனைத் தூக்கினாள். அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று கத்தினான். கையைப் பிரித்தெடுத்துத்தான் கொண்டுபோனாள். தெருமுனை வரைக்கும் அவன் அழுகை கேட்டது.

உமாதேவிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காக? பெற்ற பிள்ளையைக் கண்ட பயலும் கடிக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா! இனி நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம் என்று மூச்சு விட்டாள்.

"இனிமே ஒன்னைய யாரும் கடிக்க மாட்டாங்கட்டி. அம்மா போயிட்டு சாயங்காலம் வாரேன், என்ன?"

குழலியின் முகம் சுருங்கிப்போயிற்று. "போவாதம்மா" என்று சேலையைப் பிடித்தாள். உமாதேவி அந்தப் பிஞ்சு விரல்களை மெல்ல விடுவித்து, அவளை ஜெனியின் பக்கம் தள்ளிவிட்டு, விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

படியில் இறங்கும்போது டாட்டா காட்டலாம் என்று திரும்பிப் பார்த்தாள்.

குழலி டாட்டா காட்டவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் இடது கையைத் தானே வாய்க்குள் திணித்து நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! என்னட்டி பண்ணுத?" உமாதேவி அலறிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடுங்கினாள்.

அம்மா வந்த சந்தோஷத்தில் குழலி கண்ணீரோடு சிரித்தாள்.

"கடிச்சாத்தானம்மா நீ வருத!"