வேலாயியின் முறைப்பாடு

"இன்னைக்கே கொண்டு போயிருங்க சேர். இனி ஒரு நாளு இது இங்க இருக்கக் கூடாது!"

விஜிதரன் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வேலாயி கத்தத் தொடங்கிவிட்டாள். வலது கையில் துணியால் சுற்றிய கட்டு.

அவனுக்கு இது புதிதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நாய் பிடிக்கும் உத்தியோகத்துக்கு மலைநாட்டுக்கு வந்து மூன்று வருடம். கடி வாங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள்.

"எப்ப கடிச்சது அம்மா? ஊசி போட்டனீங்களோ?"

"அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். மொதல்ல நாயப் புடிங்க."

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தின் மூலையில் கிடந்தது அந்தச் செவலை நாய். ஆள் தலை தெரிந்தாலே பல்லைக் காட்டி உறுமியது. வாசலில் தோட்டத்துப் பெரியவர் மூக்கன் பொல்லுத் தடியோடு நின்றார். பின்னால் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர்.

"குட்டியிலருந்து இவ கையால சோறு தின்ன நாய்ங்க சேர்," என்றார் மூக்கன், குரலைத் தாழ்த்தி. "ஒரே ஒரு கடி. அதுக்கு இந்தத் தொரத்து தொரத்துறா பாருங்க."

விஜிதரனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"பொல்லைக் கீழ போடுங்கோ ஐயா. எல்லாரும் பின்னுக்குப் போங்கோ. ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது."

கையுறையை மாட்டிக்கொண்டு, சுருக்குக் கோலைக் காலோடு ஒட்டிப் பிடித்தபடி உள்ளே போனான். நேராகப் போகவில்லை. பக்கவாட்டில், நாயின் கண்ணைப் பார்க்காமல், இரண்டு எட்டு வைத்தான்.

நாய் உறுமியது. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

பத்து நிமிடம் அசையவில்லை.

"நாயப் புடிக்க வந்தாரா, தூங்க வந்தாரா?" வெளியே யாரோ சிரித்தார்கள்.

ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தான். காது பின்னுக்கு ஒட்டியிருந்தது. வால் காலிடுக்கில். உடம்பு சுவரோடு சுவராக. பாயப் போகிற நாய் முன்னுக்குச் சாயும். இது அப்படியில்லை, பயந்து போயிருக்கிறது. ஓட வழியில்லை என்று தெரிந்தால் இதுவும் கடிக்கும்.

கோலை மெல்ல நீட்டினான். சுருக்கு கழுத்துக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும்போதே நாய் வீரிட்டது. அது கோபத்தில் வந்த சத்தமில்லை. வலியில் வந்தது.

கோலைத் தரையில் வைத்துவிட்டான். கழுத்துப் பக்கம் இனிப் போகக் கூடாது.

சாரதியிடம் கூட்டையும் கம்பளியையும் கேட்டு வாங்கினான். கம்பளியை விரித்து நாயின் மேல் போட்டான். கண் மறைந்ததும் அது கொஞ்ச நேரம் திமிறியது, பிறகு அடங்கியது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் கூட்டுக்குள் வைத்தான்.

கம்பளி விலகியபோதுதான் கண்டான். மயிருக்குள் புதைந்து ஒரு கம்பி. காட்டுப் பன்றிக்கு வைக்கிற சுருக்கு. அறுத்துக்கொண்டு சதைக்குள்ளேயே போயிருந்தது. யாரோ அதைப் பிரிக்கப் பார்த்து, இரண்டு முறுக்கை அவிழ்த்தும் இருந்தார்கள்.

விஜிதரன் திரும்பினான். வேலாயி கத்துவதை நிறுத்தியிருந்தாள். வண்டியோரமாகத் தனியாக நின்றாள்.

"அம்மா, கையை ஒருக்காக் காட்டுங்கோ."

தயங்கித் தயங்கிக் கட்டை அவிழ்த்தாள். பல் பட்ட தடமே இல்லை. உள்ளங்கையில் குறுக்காக, கம்பி இழுத்த வெட்டு.

"உங்களை நாய் கடிக்கேல்லையோ?"

"இல்லீங்க. கம்பியக் கழட்டப் பாத்தேன். வலியில ஒதறிருச்சு. பொறவு யாரையும் கிட்ட அண்ட விடல. பொழைச்சிருமா சேர்?"

"பிழைக்கும். மிருக டொக்டர் கம்பியை வெட்டி எடுப்பார். ஆனா நீங்கள் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடோணும். கம்பியில அதின்ர எச்சில் பட்டிருக்கும்."

சரியென்று தலையாட்டினாள்.

விஜிதரனுக்கு எரிச்சல் வந்தது. "பிறகேன் கடிச்சது எண்டு பொய் சொன்னனீங்கள்? உள்ளதைச் சொல்லியிருக்கலாமே."

வேலாயி துணியை மறுபடி கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"உள்ளதத்தான் சேர் மொதல்ல சொன்னேன். ஒங்க ஆபீசுக்குப் போன் பண்ணினப்ப எடுத்தது இதே கொரல்தான். 'ஆரையும் கடிச்சதோ'ன்னு கேட்டீங்க, இல்லைன்னேன். 'கடிச்சாப் பிறகு எடுங்கோ'ன்னு சொல்லி வெச்சுட்டீங்க."