பூமி பெத்த கல்லு

மேசையில் சாசருக்குள் கிடந்த மோதிரத்தை முஹம்மது தம்பி இரண்டு விரலால் தூக்கினார். செத்த எலியை வாலில் பிடித்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

"மெசினுக்குள்ள அவிச்ச கல்லு! இதையா என்ட அண்ணன்ட மகளுக்குக் கொண்டு வந்தீங்க?"

எதிரே கதிரையில் மாப்பிள்ளையின் தங்கச்சி பஸ்மியா இருந்தாள். கைகளில் மருதோண்டி இன்னும் காயவில்லை. இரண்டையும் மின்விசிறிக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தாள்.

"நாங்க ஒளிக்கேல்லையே மாமா. லாப்ல செஞ்ச வைரமெண்டு சொல்லித்தானே உம்மா மச்சிர விரல்ல போட்டு விட்டவ?"

"புல்மோட்டையில மண்ணை அள்ளிக் கப்பல்ல ஏத்துற ஆக்களுக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்?"

கிண்ணியா இறங்குதுறையில் படகு எஞ்சின் திருத்துகிறவருக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்கும் துணிவு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. மணப்பெண் அசனாவின் வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து, அவளைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்புள்ள வலீ இந்தச் சாச்சாதான். நாளை நிக்காஹ். அவர் ஓம் சொல்லாவிட்டால் அது நடக்காது.

சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து அசனாவின் குரல் வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"ரெண்டும் ஒரே கரிதான் சாச்சா! ஒண்டு பூமிக்குள்ள அமத்துப்பட்டது, மற்றது மெசினுக்குள்ள அமத்துப்பட்டது. மீனுக்கு ஐஸ் கொம்பனி ஐஸ்தானே போடுறீங்க? வானத்தால விழுற ஆலங்கட்டிதான் வேணுமெண்டு காத்துக்கொண்டா நிக்கிறீங்க?"

"பண்ணை இறாலும் கடல் இறாலும் ஒண்டாகுமா?"

"பண்ணை இறாலும் இறால்தானே? கத்தரிக்காயா?"

பஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முஹம்மது தம்பிக்குக் காது சிவந்தது.

"கட்டார் வெயில்ல காய்ஞ்சு, உங்கட சாச்சிக்கு ஒரு மோதிரம் வாங்கினனே, அது வைரம்! பூமி பெத்த கல்லு! ஆயிரம் கல்லுக்குள்ள கலந்து போட்டாலும் வெறுங்கண்ணால அதைப் பொறுக்கி எடுப்பன்."

"கடைக்காரனுக்கே மெசின் வேணும் சாச்சா, எது எதெண்டு பிரிக்க."

"எனக்குச் சுத்தியல் போதும்! வைரமெண்டா உலகத்திலேயே கடினமான சாமான். அடிச்சா சுத்தியல்தான் பள்ளமாகும்."

"ஐயோ, கடினமெண்டா கீறு விழாது, அவ்வளவுதான். அடிச்சா எந்த வைரமும் தூளாப் போகும்!"

அந்த நேரம் பார்த்துக் குசினியில் கிரைண்டர் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் போதவில்லை என்று சாச்சி நஜ்முன் நிஸா இன்னொரு குவியல் மருதோண்டி இலையை அரைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள் அசனாவின் விஞ்ஞானம் அமிழ்ந்து போனது.

முஹம்மது தம்பி மோதிரத்தைப் பொத்திக்கொண்டு எழும்பினார்.

"உடையாட்டி நாளைக்கு நானே முதல் ஆளா நிண்டு கலியாணத்தை முடிச்சு வைக்கிறன். உடைஞ்சா உங்கட வேன் புல்மோட்டைக்குத் திரும்பட்டும்!"

முற்றத்தைத் தாண்டி வேர்க்‌ஷொப்பை நோக்கி நடந்தார். பஸ்மியா பின்னாலே ஓடினாள். கையைப் பிடித்து மறிக்கலாம்தான். ஆனால் பிடித்தால் மருதோண்டி கலைந்துவிடும், அவருடைய வெள்ளைச் சாரமும் சிவந்துவிடும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி, பொலிசுக்குச் சரணடைகிறவள் போல ஓடினாள்.

"மாமி! மாமி! மாமாவைப் பிடிங்க!"

கிரைண்டரை நிறுத்திவிட்டு நஜ்முன் நிஸாவும் வந்தார். வெறுங்கைகள் மணிக்கட்டு வரைக்கும் பச்சையாகக் கிடந்தன. அவருக்கும் யாரையும் தொட வழியில்லை. முழங்கையால் புருஷனின் விலாவில் ஒரு இடி கொடுத்துப் பார்த்தார்.

"விசரா உங்களுக்கு? பிள்ளைர கலியாணத்துக்கு முதல் நாள் சுத்தியலைத் தூக்குறீங்க!"

"தள்ளுங்க நீங்க."

இரும்புக் கட்டையில் மோதிரத்தை வைத்தார். பிஸ்மி சொன்னார். முதல் அடி விலகி, ஆணி டின் ஒன்று கவிழ்ந்தது. இரண்டாவது அடி சரியாக விழுந்தது.

பொன் சப்பையானது. கல் இருந்த இடத்தில் சீனி சிந்தியது போலக் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

"பாத்தீங்களா!" முஹம்மது தம்பி இரண்டு கைகளையும் விரித்துச் சுற்றிவரப் பார்த்தார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் எழும்பியிருந்தன. "ஒரு அடிக்குத் தாங்கேல்ல! இதைப் போட்டுக்கொண்டா என்ட பிள்ளை நாலு பேருக்கு முன்னால இருக்கிறது? வைரமெண்டா இந்த அடிக்கு அசையுமா? முடிஞ்சுது கதை. வேனை எடுக்கச் சொல்லுங்க!"

பஸ்மியா அழத் தொடங்கினாள். கண்ணைத் துடைக்கவும் கை இல்லை. நஜ்முன் நிஸா தன் முந்தானையைத் தோளால் அவள் முகத்துக்கு நேரே தள்ளிக் கொடுத்தார்.

அப்போதுதான் உள்ளே கதவு படாரென்று திறந்தது. கைப்பிடியைத் திருகத் திருக வழுக்கியதால் அசனா கடைசியில் அதை உதைத்திருந்தாள். சாயம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அவளுடைய இரண்டு கைகளையும் சாச்சி பொலித்தீன் பைகளுக்குள் விட்டு, முழங்கையில் றப்பர் வளையம் போட்டிருந்தார். சரசரவென்று முற்றம் கடந்து ஓடி வந்தாள்.

"என்ன உடைச்சீங்க?"

"உன்ட மெசின் கல்லைத்தான்!" முஹம்மது தம்பி நெஞ்சை நிமிர்த்தினார். "இப்ப சொல்லு, ஆர்ர விஞ்ஞானம் சரி?"

அசனா கட்டையில் கிடந்த தூளைப் பார்த்தாள். சாச்சியின் மோதிரமில்லாத பச்சை விரல்களைப் பார்த்தாள். பிறகு வலது கைப் பையை மெதுவாக உயர்த்திக் காட்டினாள்.

"என்ட மோதிரம் இதுக்குள்ள, விரல்லதானே கிடக்கு சாச்சா!"