பதினொரு டிகிரி

கதவைத் திறந்து வைத்த மின் அடுப்பின் முன்னே மூன்று கம்பளிச் சட்டைகளோடு அமர்ந்திருந்தார் குட்வைக் அம்மையார். ஜன்னலுக்கு வெளியே ரோரோஸ் ஊர் முழங்கால் அளவு பனியில் புதைந்து கிடந்தது. சுவரிலிருந்த வெப்பமானியின் முள் பதினொன்றைத் தாண்டவே இல்லை.

"பாழாப்போன கரண்டு!" என்று சுவரின் உயரே பொருத்தியிருந்த, வெப்பக்காற்று ஊதும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்துத் திட்டினார். பெட்டி மெல்லிய காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது.

நாட்டில் எண்ணெய்க் கணப்புக்குத் தடை வந்தபோது, ட்ரோண்ட்ஹைம் நகரிலிருந்து வந்து அந்தப் பெட்டியைத் தன் செலவிலேயே மாட்டிக் கொடுத்தவன் மகன் ஆஸ்பியோர்ன். தோட்டத்தில் புதைந்திருந்த எண்ணெய்த் தொட்டியைத் தோண்டி எடுக்கச் செய்தான். "விறகுப் புகை உங்க நெஞ்சுக்கு ஆகாதும்மா" என்று பழைய விறகுக் கணப்பையும் அகற்றி, புகைபோக்கியை அடைத்துவிட்டான். பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது.

சென்ற வாரம் பழுது பார்ப்பவர் ஒருவரையும் அவனே அனுப்பி வைத்தான். அன்று பார்த்துப் பெட்டி அனலாய் ஊதியது. வந்தவர் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"மெஷின் சிங்கம் மாதிரி இருக்கும்மா. வயசாயிடுச்சுல்ல, அதான் உங்களுக்குக் குளிருது."

அம்மையார் அதை நினைத்துக் குமைந்துகொண்டிருக்கையில் தொலைபேசி ஒலித்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றான் மகன்.

"லேசாக் குளிருது. வேற ஒண்ணுமில்லடா."

"பதினொரு டிகிரி உங்களுக்கு லேசா? பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா? முதியோர் இல்லத்துல இடம் இருக்கு, வந்துடுங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"உங்கப்பா கட்டின வீடுடா இது. நாலு பேர் தூக்கினாத்தான் நான் இங்கேருந்து கிளம்புவேன்."

"சரிம்மா. உங்க இஷ்டம்" என்று அன்போடு விடைபெற்றான்.

அதற்கு நான்காம் நாள் காலையில் வெப்பமானியின் முள் பூஜ்யத்தை ஒட்டிவிட, குழாயில் தண்ணீர் உறைந்து போயிருந்தது. ஒரு வாய் காபிக்கும் வழியில்லை. விரல்கள் விறைக்க விறைக்க அம்மையாரே மகனை அழைத்தார்.

"வந்து கூட்டிட்டுப் போயிடுடா. இந்தக் கரண்டுகிட்ட நான் தோத்துட்டேன்."

மதியத்துக்குள் மகனும் மருமகள் சுன்னிவாவும் வந்து சேர்ந்தார்கள். பனிச்சறுக்கு விடுதி கட்டுபவர்கள் வீட்டை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த பத்திரம் மகனின் பையில் தயாராக இருந்தது. "பூட்டிப் போட்டா வீணாத்தானே போகும்" என்றான். அம்மையாருக்குப் பேனா பிடிக்க வரவில்லை. மகன் அவருடைய கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொதிந்து, வாயால் ஊதிச் சூடேற்றினான். அதன் பிறகே கையெழுத்து விழுந்தது.

மகன் பெட்டி படுக்கைகளை எடுத்து வர உள்ளே திரும்ப, மருமகள் அம்மையாரை மெல்ல நடத்திச் சென்று வாசலில் நின்ற மின்சாரக் காரில் ஏற்றினாள். காரின் கூரைமேல் பனி அப்பியிருந்தது. உள்ளேயோ இருக்கை கூட இதமாகச் சுட்டது. வாரக்கணக்கில் விறைத்திருந்த உடம்பு இளகியதில் அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுவும் கரண்டுதானேம்மா? ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே அடுப்பு மாதிரி இருக்கே! எப்படி?"

சுன்னிவா கம்பளத்தை அவர் மடியில் போர்த்தியபடி சிரித்தாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே இவரு ஃபோன்லேருந்து சூடு வச்சுடுவாரு அத்தை. உங்க வீட்டுப் பெட்டிக்கும் இத்தனை நாளா அந்த ஃபோன்லதானே கூட்டறதும் குறைக்கறதும்!"