இடது பாதி

வலி இல்லை! மூன்று வருடமாக மணிக்கட்டில் குடியிருந்த வலி, கைக்கு ஒரு பாதியாகப் பிரிந்த புதுக் கீபோர்டு வந்த மூன்றே வாரத்தில் ஓடிவிட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நீதிமன்ற விசாரணைகளைத் தட்டச்சு செய்யும் ஜோலீன், தினமும் இரண்டு பாதிகளையும் பையில் போட்டு அலுவலகம் கொண்டு வருவாள். இன்று நண்பகல் கெடு. தவறினால் வேலை போய்விடும்.

திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அடித்தாள். காலையிலிருந்து நாற்பது பக்கம்!

"மெதுவாடி, மேசை பத்திக்கப் போகுது," என்றாள் பக்கத்து இருக்கை டார்லா.

"நீ பொறாமைல வெந்துடாதே!"

பதினொன்றரைக்குக் கணவன் வேட் போன் செய்தான். "கீபோர்டுல பாதியை மறந்துட்டுப் போயிட்டியே! இடது பக்கம் இங்க சாப்பாட்டு மேசைல கிடக்கு. கொண்டு வரட்டுமா?"

ஜோலீன் அன்று முதல் முறையாகக் குனிந்து பார்த்தாள். வலது கையின் கீழ் வலது பாதி இருந்தது. இடது கையின் கீழ் வெறும் மேசை. திரையில் ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை.

"வேட், அதைத் தொடாதே! இன்னும் ரெண்டே பக்கம்தான்!"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினாள். போனில், வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் விசைகள் தடதடவென்று தானாக இறங்கும் சத்தம் கேட்டது, அவள் இடது விரல்களோடு ஒரு நொடியும் பிசகாமல்.